பதினைந்து வீட்டுத் திறப்புகள்

சிவபாதசுந்தரத்துக்கு மண்டை கழன்றுவிட்டதாம். வெளிநாட்டுக்காரரின் பூட்டிய வீடுகளுக்குள் போய்ப் படுத்தெழும்புகிறாராம். ரொறன்ரோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ சொல்ல, மூன்றாம் மாடி சரோஜினிதேவி ரீச்சரின் மகள் கேட்டு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். ரீச்சர் லிப்டுக்குள் வைத்து அவரிடமே கேட்டுவிட்டார்.

"படுக்கேல்ல ரீச்சர், ஜன்னல் திறந்தனான். படுக்கிறதெண்டால் சுவிஸ்காரற்ற வீட்டிலதான் படுப்பன். மெத்தையில இன்னும் பொலித்தீன் கழட்டேல்ல."

அன்று வெள்ளிக்கிழமை. கையில் திறப்புக் கோர்வை குலுங்கியது. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது அந்தத் தொடர்மாடி. இருபத்து நான்கு வீடுகளில் பதினைந்தின் சொந்தக்காரர்கள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். ஓகஸ்டில் மூன்று கிழமை வந்து நிற்பார்கள். மற்ற நாளெல்லாம் அவற்றின் திறப்புகள் நிர்வாகச் சங்கச் செயலாளரான இவரிடம். வெள்ளிதோறும் வீடு வீடாய்ப் போய்க் குழாய்களைத் திறந்துவிடுவார். உப்புக்காற்று தின்னும் பிணைச்சல்களுக்கு எண்ணெய் விடுவார். சாமிப்படத்துக்கு விளக்கேற்றிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். "பதினைஞ்சு பிள்ளையாரும் தனிய இருக்கினம். நானும் போகாட்டி ஆர் போறது?"

வங்கியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனைகள், ஒன்று எழுதாது. அது இரவல் கேட்பவர்களுக்கு. சந்தையில் இறாலின் விலையைக் கேட்டுவிட்டு, "எங்கட இறாலும் விசா எடுத்திட்டுது" என்று சொல்லிக் கீரையோடு திரும்புவார். லண்டன் தம்பி கூப்பிட்டபோதும் போகவில்லை. "உன்ர கராஜுக்க வந்து குந்தியிருக்கவோ?" என்று கேட்டதோடு அந்தக் கதை முடிந்தது.

இந்த வருடம் கஜேந்திரன் ஒரு யோசனையோடு வந்தார். ரொறன்ரோக்காரர், வெள்ளவத்தையில் மட்டும் அவருக்கு மூன்று வீடுகள், இந்தக் கட்டடத்தில் ஒன்று. குடியிருக்கும் ஒன்பது குடும்பங்களும் உடுப்புக் காயப்போடும் மொட்டைமாடியை, ஓகஸ்டில் வருபவர்களின் கொண்டாட்டத்துக்காக ஏசி மண்டபமாக்க வேண்டுமாம். மாதப் பராமரிப்புப் பணம் பன்னிரண்டாயிரத்திலிருந்து முப்பத்தையாயிரமாகும். அங்கே அது ஒருநாள் ஹோட்டல் சாப்பாட்டுக் காசு. இங்கே ரீச்சரின் பென்சனில் பாதி. கட்ட முடியாதவர்கள் விற்கலாம், நல்ல விலைக்கு நானே வாங்குவேன் என்றும் கஜேந்திரன் சொல்லிவிட்டார்.

முடிவு கூட்டத்தில். சங்கத்தின் பழைய விதிப்படி நேரில் வந்து உயர்த்தும் கைகளே வாக்கு. வராதவர் கடிதம் கொடுத்து, வந்த ஒருவரைத் தன் சார்பில் கை தூக்கச் சொல்லலாம். பதினைந்து பேரும் கையெழுத்து வைத்து அனுப்பினார்கள், வருடா வருடம் செய்வதுபோல, சிவபாதசுந்தரத்தின் பெயருக்கே. கட்டடத்தில் அவர்களுக்கு வேறு யாரைத் தெரியும்?

"அண்ணை, நீங்கள் எங்களுக்காகக் கை தூக்கினால் காணும்," என்றார் கஜேந்திரன் தொலைபேசியில். "உங்கட மாசக் காசை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

"ஏன் தம்பி, நான் உங்கட வாட்சரோ?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்ல."

"எனக்கு அப்பிடித்தான் கேட்டுது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு. கீழ, கார் நிப்பாட்டுற இடத்தில. இந்தமுறை சூம் இல்லை."

"அண்ணை, இஞ்ச அப்ப நடுச்சாமம்!"

"அஞ்சு வருசமா எங்கட சோறு ஆற ஆற உங்கட காலமைக்குக் கூட்டம் வைச்சனாங்கள். ஒருநாள் நீங்கள் முடிவு கேக்க முழிச்சிருங்கோ."

ரீச்சருக்குத்தான் பயம். "சேர், அவையைப் பகைச்சால் திறப்பெல்லாம் திருப்பிக் கேப்பினம்."

"கேக்கட்டும். வந்து வாங்கட்டும்."

ஞாயிறு பத்து மணிக்குப் பிளாஸ்டிக் கதிரைகளில் அவரோடு சேர்த்து ஒன்பது பேர். பதினைந்து கடிதங்களையும் அவர் ஒவ்வொன்றாக வாசித்தார், ஒரு முதலெழுத்தும் விடாமல். இரண்டாம் மாடி சாந்தகுமார் கொட்டாவி விட்டு, "சேர், எல்லாம் ஒண்டுதானே?" என்றார்.

"கையெழுத்து வேற வேற."

கடைசிக் கடிதத்தை வாசித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இவை என்ர கையைக் கேட்டிருக்கினம். நான் குடுக்கேல்ல." ஒவ்வொரு கடிதத்தின் கீழும் 'ஏற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் ஏற்காவிட்டால் அவை வெறும் தாள்கள். "இனி இஞ்ச இருக்கிறவை சொல்லுங்கோ. மண்டபம் வேணுமெண்டவை ஆர்?"

ஒருவரும் அசையவில்லை.

"வேண்டாமெண்டவை?"

எட்டுக் கைகள் உயர்ந்தன. சாந்தகுமாரின் கை மடியிலேயே இருந்தது. அவர் மகனின் கனடா விண்ணப்பத்துக்குக் கஜேந்திரன்தான் உதவி செய்கிறார். ரீச்சர் உயர்த்திய கையை இறக்காமலே அவரைப் பார்த்தார். "சாந்தன், எனக்கும் பிள்ளை அங்கதான்." அதன்பிறகு ஒன்பதாவது கையும் மெல்ல மேலே வந்தது.

மேசையில் கிடந்த தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பனிச் சட்டையோடு கஜேந்திரனின் படம்.

"எடுங்கோவன் சேர்," என்றார் சாந்தகுமார்.

சிவபாதசுந்தரம் குறிப்புப் புத்தகத்தை விரித்தார். திகதியைப் போட்டார். 'வந்திருந்தோர்' என்று எழுதி, அதன் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தார். தொலைபேசி மேசையில் அதிர்ந்தபடி நகர்ந்து அவர் முழங்கையைத் தொட்டது.

"ரீச்சர்," என்றார், தலை நிமிராமல். "உங்கட முழுப்பேரைச் சொல்லுங்கோ."