மொட்டை மாடியில் ஒரு ஐஸ் பார்

எங்கள் பெரியப்பா மகன் கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடிச் சம்பளம் வாங்குகிறார் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காஞ்சிபுரத்துக் கோடையில் ஐஸ் என்றால் மீன் மார்க்கெட்டும் கல்யாண வீட்டு ஜூஸும்தான். அதன்மேல் சறுக்கி ஒருவன் வயிறு வளர்க்கிறான் என்பதை அப்பாவே அரை மனதாகத்தான் ஏற்றுக்கொண்டிருந்தார்.

நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த வைகாசியில் அண்ணன் எங்கள் செவிலிமேடு வீட்டுக்கு வந்தார். கருட சேவை பார்க்க வந்திருப்பதாக அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். அவரோ கோயில் பக்கமே போகவில்லை. மின்விசிறிக்குக் கீழே பாய் போட்டு, வலது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தார். முன்பல் ஒன்று இல்லை. முழங்காலில் நீளமாகத் தையல் போட்ட தழும்பு. அந்தக் கால் இனித் தாங்குமா என்று டாக்டர்கள் பார்த்துச் சொன்ன பிறகு, அடுத்த பருவத்துக்கு அவரை அணியில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அணிக்காரர்கள் போனில் சொல்வார்களாம். அந்தப் போனுக்காகத்தான் காத்திருந்தார். பெரியவர்கள் இதை என் முன்னாலேயே பேசினார்கள். மழை வருமா வராதா என்கிற பேச்சைப் போலத்தான் அது என் காதில் விழுந்தது.

எனக்கு வேறு கவலை. தெருத் தோழிகள் மூன்று பேரிடம் அண்ணனைப் பற்றி அளந்துவிட்டிருந்தேன். எத்தனை கோல் போட்டிருக்கிறார் என்று அவர்கள் கேட்க, நான் அவரிடம் ஓடினேன்.

“நான் போடற ஆளு இல்லம்மா. வுடாம நிக்கிற ஆளு” என்றார். கனடாவிலேயே பிறந்தவர்தான். ஆனால் அவர் பேசிய தமிழ் பெரியம்மாவிடமிருந்து வந்தது. அதனால் அது காஞ்சிபுரத்தைவிட்டு நகரவே இல்லை.

நடக்கப் பழகிய கையோடு சறுக்கவும் பழகியவராம். பெரியப்பாவுக்கு அந்த ஆட்டம் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனாலும் விடிவதற்குள் பனியில் கார் ஓட்டி, மைதானம் மைதானமாகப் பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கிறார். அண்ணனும் பெரிய ஆட்டக்காரரானார், பேப்பரில் அவர் படமெல்லாம் வந்தது. இவர் நிற்கிற பக்கமாக வர எதிராளிகள் யோசிப்பார்களாம்.

போனில் ஒரு வீடியோ காட்டினார். எதிராளி ஒருவன் சின்னக் கறுப்பு ரப்பர் வில்லையை மட்டையால் ஓங்கி அடிக்கிறான். அண்ணன் குறுக்கே பாய்ந்து அதை விலாவில் வாங்கிக்கொண்டு கிடக்கிறார். கூட்டம் எழுந்து கத்துகிறது.

“வுழுந்துட்டீங்களே” என்றேன்.

“வுழல. படுத்தேன்.”

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நாளெல்லாம் புடவைகளை விரித்துக் காட்டி, வாங்காமல் போகிறவர்களின் பேச்சையும் கேட்டுக்கொண்டு, மறுபடி மடித்து வைக்கிற என் அப்பா எட்டிப் பார்த்தார். “அடி வாங்கறதுக்கா சம்பளம்?”

“ஆமா சித்தப்பா.”

“அப்ப நம்ம வேலைதான்” என்றார் அப்பா. இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். முகம் தெரியாதவர்களின் வசவைப் போனில் வாங்கிக்கொள்ளும் வேலைக்கு நான் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபட்டது. அன்று எரிச்சலாக வந்தது. கோலே போடாத அண்ணனை வைத்துக்கொண்டு தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

ஆடிக் காட்டட்டும், நம்புகிறோம் என்றார்கள் தோழிகள். ஐஸுக்கு எங்கே போவது? சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அப்பா பாதி ஐஸ் பாரைக் கோணியில் சுற்றி, வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். தெருமுனையிலிருந்து எங்கள் வாசல்வரை ஈரக்கோடு விழுந்திருந்தது. அவர் பாரை மொட்டை மாடியில் இறக்கிவைத்ததும் அண்ணனைக் கையைப் பிடித்து மேலே இழுத்து வந்தேன். விளக்கு வைக்கிற நேரம். தரை இன்னும் சுட்டது.

அண்ணன் ஐஸ் பாரைப் பார்த்தார். என்னையும் தோழிகளையும் பார்த்தார். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்து, வீங்கிய முழங்காலை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இதான் ஆட்டமாடி?” என்றாள் ஒருத்தி. எனக்கு அவமானத்தில் அழுகை முட்டியது.

அப்போதுதான் போன் வந்தது. அங்கே பொழுது விடிந்திருக்கும். அண்ணன் காதில் வைத்துக் கேட்டார். இரண்டொரு தடவை “யெஸ்” என்றார். கடைசியில் “தேங்க்யூ” என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டார். இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது மறுநாள் அப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த அணிக்கும் ஆடவில்லை.

முழங்காலை ஐஸிலிருந்து இறக்கியவர், “குச்சி இன்னா இருக்குது, எட்தா” என்றார்.

ஒட்டடைக் குச்சியும் துடைப்பங்களும் வந்தன. ஐஸ் பாரின் மூலையைத் தட்டி ஒரு துண்டு பெயர்த்துத் தரையில் போட்டார். மாடிப்படிக் கதவுக்கு முன்னால் குச்சியோடு குனிந்து நின்றார். “இத்த என்னத் தாண்டி உள்ள அட்ச்சிடுங்க பாக்கலாம்.”

நாலு பேரும் மாறி மாறி அடித்தோம். துண்டு எந்தப் பக்கம் போனாலும் அவர் அங்கே நின்றார். நொண்டிக்கொண்டே நின்றார். ஒருமுறை குறுக்கே படுத்தும் மறித்தார். “கால வச்சிகினு சும்மா இருக்கமாட்டியாப்பா?” என்று கீழிருந்து அம்மா கத்தினாள். ஒரு கோல்கூட விழவில்லை. தோழிகள் நம்பிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடிக்க அடிக்கத் துண்டு தேய்ந்து, மிட்டாய் அளவாகி, கடைசியில் ஒரு ஈரப் பொட்டாகி, அதையும் தரை குடித்துவிட்டது. பாரும் கரைந்து மழைநீர்க் குழாயில் ஓடிவிட்டிருந்தது. தோழிகள் துடைப்பங்களைப் போட்டுவிட்டு, அண்ணனை ஒதுங்கிக் கடந்து படியிறங்கிப் போனார்கள்.

அண்ணன் மட்டும் குனிந்தபடியே கதவை மறித்துக்கொண்டு நின்றார். கண் தரையிலேயே இருந்தது. முகமெல்லாம் வியர்வை.

“ம், அடிம்மா” என்றார்.

அடிக்கத்தான் ஒன்றுமில்லையே, இதுகூடவா தெரியாது இவருக்கு என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

“ஆட்டம் முடிஞ்சிடுச்சுண்ணா” என்று நான்தான் சொன்னேன்.