கிணற்றில் ஐந்து பேர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ். செத்தவர்களின் கண்ணை மூடிவிட்டு, கை கழுவி, சாப்பிட உட்காருகிறவளுக்குப் பயம் ஏது? நீங்கள் நம்பினாலும் சரி, வேலை அலுப்பில் உளறுகிறாள் என்றாலும் சரி, நடந்தது இதுதான்.

சீனாவில் ஜப்பான்காரன் புகுந்து ஊர் ஊராக அழித்த சமயம். அங்கிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரு பெண்ணை, இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் அண்ணன் எங்கள் வார்டில் சேர்த்தான். இருபத்தைந்து வயதிருக்கும். சிப்பாய்கள் ஊருக்குள் வந்த நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லையாம். உடம்பு துடைத்துவிடும்போது பார்த்தேன். அந்தக் காயங்கள் எப்படி வந்தன என்று எந்தப் பெண்ணும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

டாக்டருக்கு உதவியாக நோயாளிக் குறிப்பு எழுதும் டிரெஸ்ஸரிடம் போனேன். அவரும் தமிழர்தான், ஞாயிறு தவறாமல் எங்கள் மாதா கோயில் பூசைக்கு வருகிறவர்.

“காய்ச்சல்னு எழுதியாச்சு மிஸ்ஸி, போதும்.”

“காய்ச்சலா? சிப்பாய்ங்க செஞ்ச அக்கிரமம் சார் இது. உள்ளதை எழுதுங்க.”

“எழுதி என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணுக்குத்தான் கேவலம். நமக்கு எதுக்கு வம்பு லா?”

செய்தவனுக்குக் கேவலம் இல்லையாம், அவளுக்குத்தானாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மத்தியானம், நல்ல வெயில். வார்டில் வேலை செய்யும் சீனப் பெண் ஆ மோய் தண்ணீர்ப் பேசினைப் பிடித்திருக்க, நான் அந்தப் பெண்ணின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், காதருகே தெளிவான தமிழில் ஒரு குரல் கேட்டது.

“நாங்க அஞ்சு பேரு கிணத்துல இருக்கோம். எழுதி வை.”

படுத்திருந்தவளின் உதடு அசையவில்லை. ஆ மோயின் கையிலிருந்து பேசின் விழுந்தது. அவளுக்கு அதே பேச்சு அவள் வீட்டில் பேசும் ஹொக்கியன் சீனத்தில் கேட்டதாம். அடுத்த கட்டிலருகே நின்ற டிரெஸ்ஸர், தரை நனைந்ததற்காக எங்களைத் திட்டினார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தபோது, ஊரில் ஏதாவது கிணறு உண்டா, அதில் ஐந்து பேரா என்று மலாயில் கேட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“நாலு பேருதான் மிஸ்ஸி, இவளைக் கூட்டிட்டு வந்த ஊர்க்காரங்க சொன்னாங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க. கெடுத்து, கொன்னு, உள்ளே தள்ளிட்டானுங்க. கடைசித் தங்கச்சி மட்டும் தப்பி மலைப்பக்கம் ஓடிட்டா. அதை நம்பித்தான் இவ உயிரோட இருக்கா.”

இதையும் டிரெஸ்ஸரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, நாலு நாள் லீவு எடுக்கச் சொன்னார். காய்ச்சல் குணமாகிவிட்டது என்று எழுதி அவளை வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அந்த அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் எனக்காகக் காத்து நின்றான். கையில் ஊரிலிருந்து வந்த கடிதம். மிச்சமிருந்த ஜனங்கள் குடிதண்ணீருக்காகக் கிணற்றைத் தூர்வாரியிருக்கிறார்கள். அடியில் அந்த நாலு பேரோடு கடைசித் தங்கையும் இருந்திருக்கிறாள்.

“உங்களுக்கு எப்படி மிஸ்ஸி தெரிஞ்சுது?”

கடிதத்தோடு உள்ளே ஓடி, இப்போதாவது எழுதுங்கள் சார் என்று கத்தினேன். “ஆள் போயாச்சு, கார்டை மூடியாச்சு” என்றார் டிரெஸ்ஸர். வேறு எந்தக் காகிதமும் ஏற்காததால், ஐந்து பெயரையும் அண்ணனிடம் கேட்டு என் ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அன்று வார்டில், கிணற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் குரல் “அக்கா” என்று கூப்பிட்டது. என்னைத்தான் என்று நினைத்து, “என்னம்மா?” என்றேன். கட்டிலில் கிடந்தவளோ சட்டென்று தலையைத் தூக்கி, யாருமில்லாத வாசலைப் பார்த்து, முகமெல்லாம் மலரச் சிரித்தாள்.