சமோசாவும் சாஃப்ட்வேரும்

"சமோசா எடுத்துக்கோங்க தம்பி" என்று மஹ்விஷ் சொல்லிவிட்டால், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் சாஃப்ட்வேர் தேறவில்லை என்று அர்த்தம். விற்க வந்தவரை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வராது. ஆழ்வார்பேட்டையில், எங்கள் சமூக ஆய்வு அலுவலகத்தில், அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. மிஞ்சும் சமோசா எனக்கு.

பெண்கள் சொல்லும் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அலசுவது மஹ்விஷின் வேலை. பதிவைக் கேட்கும்போதும் "ம்... அப்புறம்?" என்று ஹெட்ஃபோனோடு பேசுவார். கதைகள் மலையாகச் சேர்ந்துவிட்டதால் இப்போது அலச ஒரு சாஃப்ட்வேர் தேவை. வருகிற எல்லாவற்றுக்கும் அவர் வைக்கும் பரீட்சை ஒன்றுதான்: கொட்டிவாக்கத்தில் மீன் விற்கும் ஆரோக்கியமேரியின் பேட்டி. அந்த அம்மாள் வஞ்சிரத்தின் விலையை நீட்டி முழக்கிவிட்டு, "அத்த வுடு கண்ணு" என்று சிரிப்பார். கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. பிறகு, "எம் பொண்ணு படிப்ப நான்தான் நிறுத்துனேன்" என்பார்.

முதல் சாஃப்ட்வேர் இதை 'மீன்' என்ற தலைப்பில் போட்டது. இரண்டாவது, சிரிப்பைப் பார்த்து 'மகிழ்ச்சி' என்று பச்சை அடித்தது. கொண்டு வந்த இருவரும் சமோசா சாப்பிட்டுப் போனார்கள்.

"பச்சை நல்லாத்தானே இருக்கு?" என்றார் இயக்குநர் ராஜகோபாலன். அவருக்கு அறிக்கையில் வண்ண வரைபடம் என்றால் உயிர். "இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள வேற சொல்லலேன்னா அதையே வாங்கிடறேன்."

மஹ்விஷின் முகம் சுண்டிப்போனது. ஒரு தாயின் வலிக்குப் பச்சை அடித்து அறிக்கை அனுப்புவதா? எனக்கே பொறுக்கவில்லை.

மத்தியானம் மூன்றாவதாக வந்தவர் ஷ்ரவண். "மேடம், இது தானா கலர் அடிக்காது. நீங்கதான் படிச்சுக் குறிக்கணும். வரியைத் தொட்டா குரல் கேக்கும், அவ்ளோதான்" என்றார், ஏதோ தப்பு செய்தவர் போல.

"தொடுங்க பாக்கலாம்."

ஆரோக்கியமேரி சிரித்தார். பிறகு பதிவில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"இந்த சைலன்ஸைத் தள்ளிடவா மேடம்?"

"இருக்கட்டும்பா. அவங்க யோசிக்கிறாங்க."

ஷ்ரவண் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஆரோக்கியமேரி மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மஹ்விஷ் "ம்..." என்றார். கேட்டுக்கொண்டே ஷ்ரவண் சமோசாவுக்குக் கையை நீட்ட, மஹ்விஷ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.