பிரபுவின் பெல்ட்

கனடாவிலிருந்து வரும் பெட்டிகளில் சாமான்கள் ஆடாமலிருக்க இடையிடையே எதையாவது செருகி அனுப்புவார்கள். மற்றவர்களுக்குப் பழைய பத்திரிகைகள் வரும். என் ஒன்றுவிட்ட அண்ணன் எனக்குச் செருகி அனுப்பியவை நாவல்கள். பால்மா டின்னுக்கும் சப்பாத்துக்கும் நடுவே நசிந்து, சவர்க்கார வாசத்தோடு வந்து சேர்ந்த ஆங்கில நாவல்கள். எல்லா அட்டையிலும் ஒரே படம்தான். பின்னால் இருண்ட மாளிகை, அதில் ஒரே ஒரு சன்னலில் வெளிச்சம், முன்னால் தலைமுடி பறக்க ஓடிவரும் இளம்பெண். கையிலிருக்கும் பொருள் மட்டும் மாறும். சிலதில் மெழுகுதிரி, சிலதில் கடிதம். ஒரு தொகுதி முழுவதிலும் மருத்துவப் பை.

அந்த மருத்துவப் பைதான் என்னைக் கெடுத்தது. பெண்களை மருத்துவக் கல்லூரி வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிய காலம். ஒருத்தி விடமாட்டேன் என்று படிக்கிறாள். பிறகு மலையுச்சியிலிருக்கும் ஒரு மாளிகைக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே சிரிக்கவே தெரியாத ஒரு பிரபு, பூட்டிய ஓர் அறை, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நோய். அவள் நோயைக் கண்டுபிடிப்பாள், பிரபுவைக் கட்டுவாள். பத்து நாவலுக்கும் இதுதான் கதை. பத்தையும் இரண்டு தரம் படித்தேன். ஸ்கந்தபுரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவன், ஆசிரியர் அறையில் உலக இலக்கியம் பேசுகிறவன். ஆகையால் அட்டைகளுக்கு மாக்கடதாசி உறை போட்டு, மேலே 'இலக்கணப் பயிற்சி' என்று எழுதி வைத்திருந்தேன். யாரும் இரவல் கேட்கவில்லை.

இந்த நாவல்களுக்கு ஒரு விதி உண்டு. வரப்போகும் ஆபத்து வாசகருக்குத்தான் முதலில் தெரியும். பிறகு வேலைக்காரிக்கு, பிறகு நாய்க்கு. சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்தான் தெரியும். விதியை இவ்வளவு தெளிவாக அறிந்த ஒருவன் அதிலேயே போய் மாட்டுவான் என்று நான் நினைத்ததில்லை.

இந்தக் கதைகளைத் தமிழில் கேட்க எனக்கு ஒரே ஒரு ஆள் இருந்தாள், அக்காவின் மகள். பதின்மூன்று வயதில் தொடங்கினாள். ஞாயிறு பின்னேரம் வந்து விறாந்தையில் குந்திக்கொண்டு "பேந்து என்ன நடந்தது, மாமா?" என்பாள். இப்போது அவள் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடத்தில் இறுதி ஆண்டு. என்னுடைய நாவல்களால்தான் டொக்டராகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். "இல்லை மாமா, ஏ.எல். சோதனையில வந்த இசட் புள்ளியால" என்பாள்.

அந்தப் புள்ளி வந்த நாளில் நான் ஹலோ சொல்ல முதலே போனில் கத்தினாள். பக்கத்துக் கடைக்காரனுக்கும் கேட்டது. அவளுடைய பழக்கம் அது. நல்ல செய்தியை வைத்திருக்க அவளால் ஏலாது. இரண்டாம் ஆண்டில் ஒரு பாடம் தவறியபோது மட்டும் போன் வரவில்லை. பஸ் ஏறி வந்து, தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

போன வருடம் எனக்கும் ஆசை வந்தது, அப்படியொரு நாவல் எழுதிப் பார்க்க. தொடங்கியதும் முதல் சிக்கல், வீடு. பேய் குடியிருக்கக் கூரை வேண்டும், கதவு வேண்டும், பூட்டிய அறை வேண்டும். சண்டை முடிந்தபோது எங்கள் பகுதியில் இவை ஒன்றுமே நிற்கவில்லை. இப்போது நிற்பவை வீட்டுத்திட்ட வீடுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். அதில் ஒரு பேய் குடியேறுவதென்றால் விண்ணப்பப் படிவம் நிரப்பவேண்டும். எனவே வெள்ளைக்காரன் காலத்துக்குப் போய், காட்டுக்கு நடுவே ஒரு குளக்கட்டோரம் பங்களா ஒன்று கட்டினேன். சீமையில் படித்துவிட்டு வந்து தனியே வாழும் ஒரு பிரபுவை அதில் இருத்தினேன். மிஷன் ஆஸ்பத்திரியில் வைத்தியம் கற்ற பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினேன்.

பிரபுவுக்கு இதயநோய் என்றுதான் முதலில் திட்டம். எழுத எழுத நோய் மேலேறிக் கழுத்துக்கு வந்து ஒரு கட்டியாயிற்று. உயர்ந்த கழுத்துப்பட்டியால் அதை மறைத்துக்கொண்டு திரிந்தார். ஏன் கழுத்து என்று என்னை நான் கேட்கவில்லை. அந்த மாதங்களில் நானும் வீட்டில் கழுத்தைச் சுற்றித் துவாய் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குப் பயம் இருக்கவில்லை. என்னிடம் விளக்கம் இருந்தது. சண்டையின் இறுதி மாதங்களில் செல் குண்டு விழுந்து சிதறிய இரும்புத் துண்டு ஒன்று இடது தோளுக்குள் போய்த் தங்கிவிட்டது. பீஸ் என்போம். எடுக்கப் போனால் கூடுதல் சேதம், விட்டுவிடுங்கள் என்றார்கள். விட்டுவிட்டேன். எங்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் இரும்போடு திரிகிறோம். மற்ற ஊர்களில் தலையிடித்தால் வெயில் என்பார்கள், கால் விறைத்தால் வாதம் என்பார்கள். இங்கே எல்லாம் பீஸ்தான். அது ஊரும், இறங்கும், மாரி காலத்தில் உளையும், ஒருநாள் தானே வெளியே வரும் என்பது எங்களுடைய வைத்திய சாத்திரம்.

அந்தச் சாத்திரத்தில் எனக்குக் குரு, முல்லைத்தீவுக் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர்.

"மாஸ்டர், கழுத்தில என்ன, கொழுக்கட்டையோ?" என்றார் ஒரு புதன்கிழமை.

"பீஸ் மேல ஏறுது போல."

பாரைமீனைக் கீழே வைத்துவிட்டு மரியாதையோடு பார்த்தார். "அப்ப வெளிக்கிடப் போகுது. எனக்கு ஏழு வருசம் மாஸ்டர். முழங்கையில ஒரு பரு மாதிரி வந்தது. சொறிஞ்சன். டிங் எண்டு ஐஸ் பெட்டிக்குள்ள விழுந்தது."

"மீனோட சேத்து வித்துப்போட்டீரோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. மாதா சுருவத்துக்கு முன்னால போத்திலுக்க போட்டு வச்சிருக்கிறன். நீங்களும் ஆரையும் கத்தி வைக்க விடாதேங்கோ. வாறது தானா வரும்."

அன்றைக்கே ஒரு ஜாம் போத்திலைக் கழுவிக் காயவைத்து அலுமாரியில் வைத்தேன். பீஸ் வந்தால் போட.

நான்கு மாதம் காத்திருந்தேன். கட்டி வளர்ந்தது. வரப்போகிறது என்று சந்தோசப்பட்டேன். காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. சோதனைப் பேப்பர் திருத்தும் காலம், அலைச்சல் என்று நினைத்துக்கொண்டு கவராயத்தின் ஊசியால் பெல்ட்டில் ஒரு ஓட்டை போட்டேன். அடுத்த மாதம் இன்னொன்று. நல்ல விவரம் வீணாகக்கூடாது என்பது எழுத்தாளன் புத்தி. ஆறாம் அத்தியாயத்தில் பிரபுவும் கவராயத்தால் பெல்ட்டில் ஓட்டை போட்டார்.

விடுமுறைக்கு வந்த அக்காவின் மகளிடம் நாவல் எழுதிய கொப்பிகளைக் கொடுத்தேன். விறாந்தைக் கதிரையில் கால்களை மடக்கிக்கொண்டு, கையில் பென்சிலோடு வாசித்தாள். முதல் மூன்று அத்தியாயத்துக்கும் சிரித்தாள். "என்ன மாமா, மாட்டுவண்டியால இறங்கினவுடன மயங்கி விழுறாள்? இவள் ஆரைக் காப்பாத்தப் போறாள்?" ஆறாம் அத்தியாயத்தில் சிரிப்பு நின்றது. திரும்ப முன்பக்கம் போனாள்.

"மாமா, பிரபுவுக்கு என்ன வருத்தம்?"

"அது கடைசியில தெரியும்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"எழுதுறவனுக்குத் தெரியாமலோ?"

"அப்ப சொல்லுங்கோ. அந்தக் கட்டி நோகுமோ?"

"நோகாது."

"இளக்கமோ, கல்லு மாதிரியோ?"

"கல்லு மாதிரி."

"தள்ளினா அசையுமோ?"

"அசையாது. குளிக்கேக்க தள்ளிப் பாத்தவர்."

"எந்தப் பக்கம்?"

"இடது. காறை எலும்புக்கு மேல."

பென்சிலைக் கொப்பிக்குள் வைத்து மூடினாள். "கொப்பியில கழுத்து எண்டு மட்டும்தான் கிடக்கு. ஏன் மாமா அவர் மெலியிறார்?"

"அலைச்சல்தானே பிள்ளை. பேப்பர் திருத்திற காலம்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. என்னுடைய பிரபுவுக்கு முந்நூறு ஏக்கர் காணி, இரண்டு குதிரை. அவர் எந்தப் பள்ளிக்கூடத்துப் பேப்பரைத் திருத்துகிறார்? பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் காலத்துப் பிரபுமார் பெல்ட் கட்டுறேல்லை, மாமா. தோளில மாட்டுற வார்தான். நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்." சுவரில் ஆணியில் தொங்கிய என் பெல்ட்டை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "துவாயை எடுங்கோ."

எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றாள். கழுத்தைப் பின்னாலிருந்துதான் பார்க்கவேண்டுமாம், அப்படித்தான் படிப்பிக்கிறார்களாம். அந்தப் பத்து நாவல்களில் ஆறில், கதிரையில் இருப்பவனின் கழுத்துக்குப் பின்னாலிருந்து கை வந்தால் அடுத்த பக்கத்தில் பிணம் கிடக்கும். விரல்கள் கட்டியைத் தொட்டன, விட்டன, சுற்றிவர அழுத்தின, அக்குளுக்குப் போய்த் திரும்பி வந்தன. முற்றத்தில் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். அவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை.

"அது பீஸ், பிள்ளை," என்றேன்.

"எத்தினை மாசமா வளருது?"

"நாலு."

"இரும்பு வளருமோ, மாமா?"

இத்தனை வருடமாக இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. அவள் முன்னால் வந்தபோது கண் கலங்கியிருக்கவில்லை. முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அடுத்தநாள் காலையிலேயே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் பீஸ் என்றுதான் தொடங்கினார்கள். நான் வாயைத் திறக்க முதல் அவள் டொக்டரோடு இங்கிலீசில் கதைத்து முடித்துவிட்டாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். தோளெலும்புக்குப் பின்னால், நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக ஒரு துண்டு. விழுந்த இடத்திலேயே கிடந்தது. கட்டிக்கும் அதற்கும் நடுவே ஐந்து விரல் இடைவெளி. ஒரு நூல்கூட அசையவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த நாவல்களில் முகத்தில் வெட்டுக் காயமுள்ள ஊமை வேலைக்காரன் ஒருவன் வருவான். எல்லோரும் அவனைத்தான் சந்தேகிப்பார்கள். கடைசியில் அவன் நிரபராதி. நஞ்சு கலந்தது, தினமும் பக்கத்திலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்த சொந்தக்காரனாக இருக்கும். நானும் வெளியிலிருந்து வந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் சொந்தத் தசை.

ஊசி குத்திக் கட்டியிலிருந்து எடுத்ததைச் சோதனைக்கு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ரிப்போட்டைத் தானே எடுப்பதாகச் சொல்லி, விடுமுறை முடிய அவள் புறப்பட்டாள். வாசலில் நின்று, "நான் சொல்லுமட்டும் பிரபுவைச் சாகடிச்சுப் போடாதேங்கோ," என்றாள். நாவலுக்கு ஒரு முடிவு வேணுமே என்றேன். "அவள் இன்னும் அவரைச் சோதிச்சு முடியேல்லை. அதுக்குள்ள என்ன முடிவு?"

பத்து நாள் நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஜாம் போத்திலில் பேனைகளைப் போட்டு வைத்தேன். மீன்காரர் இரண்டு தரம் வந்து "வெளிக்கிட்டுதோ?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அவருடைய சாத்திரத்தைக் குலைக்க மனம் வரவில்லை.

இன்று காலை போன் வந்தது. யாரும் கத்தவில்லை.

"மாமா, சாப்பிட்டிட்டியளோ?"

"ஓம். ரிப்போட் வந்ததோ?"

"வந்தது."

"என்னவாம்?"

பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. யாரோ மிச்சக்காசு கேட்டார்கள். "கொடிகாமம் தாண்டிட்டன் மாமா. நேர வந்து கதைக்கிறன். துவாயைக் கழட்டி வையுங்கோ."

கிளிநொச்சியில் இறங்கி மற்ற பஸ் பிடித்து அவள் வந்துசேர எப்படியும் இரண்டு மணித்தியாலமாகும். தேத்தண்ணிக்குத் தண்ணீர் அடுப்பில் வைத்தேன். சும்மா இருக்க ஏலாமல் ஆறாம் அத்தியாயத்தை எடுத்து, பெல்ட் என்று வந்த இடங்களையெல்லாம் வெட்டித் தோள்வார் என்று திருத்தினேன். ஓட்டைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

சந்தியில் பஸ் ஹோர்ன் கேட்கிறது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, விறாந்தையில் இரண்டு கதிரைகளை எதிரெதிராகப் போட்டிருக்கிறேன். இந்த முறை பின்னால் போய் நிற்க அவளை விடப்போவதில்லை. சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.