ஜெப நோட்டில் ஒன்பது நாள்

அம்மாவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள், அவர் வேலை பார்த்த பள்ளியிலிருந்து அவருடைய பொருள்களை எடுத்துவரப் போனேன். கண்ணாடி, குடை, சாப்பாட்டு டப்பா. முற்றத்தில் காலை ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டைப் பார்த்துப் பெயர்களை வாசித்தாள்.

"நம்ம ஆபீஸ் அக்கா சீக்கிரம் குணமாகணும்னு ஜெபிப்போம்."

இருநூறு பிள்ளைகள் ஆமென் சொன்னார்கள். தலைமையாசிரியரும் சொன்னார். அம்மாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர் அவர்.

ஆபீஸ் அக்கா என் அம்மாதான். பள்ளி, தேவாலயத்தின் பின்கூடத்தில் பதினோரு பிள்ளைகளோடு தொடங்கியது. இரண்டு வகுப்புகள் முதுகோடு முதுகாக உட்காருமாம். அடுத்த வருடம் அம்மா எழுத்தராகச் சேர்ந்தார். படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம். முதல் தலைமையாசிரியை காய்ச்சலில் படுத்தபோது அம்மா ஒரு நோட்டு போட்டு அவர் பெயரை எழுதினார். பக்கத்தில் நோய். குணமானால் ஒரு டிக். இறந்தால் பெயர்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கிறுக்கி அடித்தால் தப்பாக எழுதிய பெயர் மாதிரி ஆகிவிடும் என்பார்.

முப்பத்தொன்பது வருடம், பதினான்கு நோட்டு. அந்தப் பள்ளிக்கு வேறு வரலாறு யாரும் எழுதவில்லை. அம்மை பரவிய வருடம் அதில் இருக்கிறது. கூடத்தின் கூரை விழுந்து மூன்று பேருக்குக் கால் ஒடிந்தது இருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு மாறிய வாரம் முழுக்க சிமெண்ட் தூசி இருமல். கணக்கு டீச்சரின் இடுப்புவலி எட்டு வருடமாக டிக் வாங்கவில்லை. "கர்த்தருக்கே சலிச்சிருக்கும், டீச்சர்," என்று அம்மா சொல்வாராம்.

கடைசிப் பெயரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அம்மாவே எழுதியிருந்தார். ஆபீஸ் அக்கா. வயிறு.

ஜெபம் முடிந்ததும் ஆபீஸில் தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மொத நாள் மறதிதாம்மா. கோடு போடுறது எப்பவும் அவங்கதானே. அவங்களுக்கு யார் போடுறதுன்னு யாருமே யோசிக்கல. அப்புறம் ஞாபகம் வந்துச்சு. கோடு போட யாருக்கும் கை வரல."

"பிள்ளைங்க கேக்கலையா, சார்?"

"கேட்டாங்க. அவங்க வகுப்பு டீச்சர்தான் படிங்கன்னுட்டாங்க." பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார். "நீ சொல்லும்மா. நீ வேண்டாம்னா படிக்கறத விட்டுடறோம்."

எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. நின்றுபோன லிஃப்டின் பலகையில் மாடி எண் எரிந்துகொண்டே இருந்தால் அதை அணைத்துவிட்டுத்தான் வேறு வேலை. லிஃப்ட் வரும் என்று யாராவது காத்து நிற்பார்கள். எனக்கு இது தெரியும். ஆனால் உலகத்தில் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் அம்மா இன்னும் நோயாளி. நோயாளி என்றால் வீட்டுக்கு வரலாம்.

அம்மாவின் மேசையைப் பார்த்தேன். யாரோ அதைத் துடைத்திருந்தார்கள்.

"ஸ்கேல் இருக்கா, சார்?"

அம்மாவின் மர ஸ்கேலையே எடுத்துக் கொடுத்தார். ஒரு விளிம்பு தேய்ந்திருந்தது. மறு விளிம்பை வைத்துக் கோடு போட்டேன். நேராக வந்தது. பெயர் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது.

குடையை எடுத்துக்கொண்டேன். கண்ணாடியையும். டப்பாவைக் கழுவி வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை கணக்கு டீச்சரின் இடுப்புவலியோடு பட்டியல் முடிந்திருக்கும். நான் போய்க் கேட்கவில்லை. ஆறாம் மாடியில் ஒரு லிஃப்ட் கதவு மூட மறுக்கிறது என்று அழைத்திருந்தார்கள். போனேன்.