படிக்கவில்லை என்று நான் சொன்ன மனு

மூன்று தாள்கள், இடையில் இரண்டு கார்பன். மதிய உணவுக்கு எல்லோரும் வெளியே போயிருந்த நேரத்தில் அந்த மனுவைத் தட்டச்சு செய்தேன். அலுவலகத்தில் நான் அக்கா என்று அழைத்தவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்ததை வரி வரியாக வாசித்தார். கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களை வெட்டக் கூடாது. வெட்டிய மரத்தைத் திறந்த வெளியில் போட்டு எரிக்கக் கூடாது. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் அடிக்கடி ரயில் விட வேண்டும். விட்டால் ஜனங்கள் காரை வீட்டில் நிறுத்திவிட்டு வருவார்கள். பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, கடல் மட்டம் உயரும் என்ற இடத்தில் என் விரல் தடுமாறி ஓர் எழுத்து மாறிவிட்டது. வெள்ளை மை பூசித் திருத்தலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. அமைச்சுக்குப் போகிற தாள், அழுக்காகப் போகக் கூடாது என்றார். அதனால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து மறுபடி அடித்தேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். கோலாலம்பூரில், கரையோர நிலங்களின் வரைபடங்களை வைத்திருந்த ஓர் அரசு அலுவலகத்தில் நான் புதிதாகச் சேர்ந்த தட்டச்சர். அவர் வரைபடப் பிரிவில் இருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். திருமணம் செய்துகொள்ளாமல், நடமாட முடியாத தன் தகப்பனாரைக் கிள்ளானில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கிள்ளான் என்பதால் காலையும் மாலையும் ஒரே பஸ். பழைய வரைபடங்களைப் புதிய தாளில் பெயர்த்து வரைவதுதான் அவருடைய வேலை. ஒவ்வொரு முறை பெயர்க்கும்போதும் கரையோரத்துப் பச்சை கொஞ்சம் சுருங்குவதை அலுவலகத்தில் அவர் ஒருவர்தான் கவனித்திருக்கிறார். அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆங்கில அறிவியல் பத்திரிகைகளைத் தேடித் தேடி வாங்கினார். பஸ்ஸில் நின்றுகொண்டே அவற்றைப் படித்து எனக்குத் தமிழில் சொல்வார். எனக்குப் பாதி புரியும், பாதி தூக்கத்தில் போய்விடும்.

சொல்வதோடு நிற்கிற ஆள் இல்லை. கார் கடன் வாங்கத் தகுதி இருந்தும் வாங்கவில்லை. சாப்பாட்டுக் கடைக்குப் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் தூக்குச்சட்டியோடு போவார். அலுவலகத்தில் அவர் சம்பாதித்த பகையெல்லாம் ஏர்கானால்தான். மதியம் அறை காலியானதும் அதை அணைத்துவிடுவார். தலைமைக் குமாஸ்தா திரும்பி வந்து, வியர்த்துக்கொண்டே மறுபடி போடுவார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. மாதக்கணக்கில் அது நடந்தது.

மனு தயாரானதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் வீடு வீடாகப் போனார். நான் நான்கு வாரம் கூடப் போனேன். சிலர் நாங்கள் ஏதோ கட்சி ஆட்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், "கடல் ஏறுறதுக்கும் நான் லோரி ஓட்டுறதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று கேட்டவரோடு அவர் வெயிலில் நின்று அரை மணி நேரம் பேசினார். அந்த மனிதர் கடைசியில் கையெழுத்துப் போட்டார், லோரியை விடச் சொன்னால் மட்டும் விடமாட்டேன் என்று சிரித்துக்கொண்டே. முந்நூறு கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. முதல் தாளில் அவருடைய பெயர். இரண்டாவதாக என் பெயர், அடையாள அட்டை எண்ணோடு.

மனு போய்ச் சேர்ந்த சில வாரங்களில் அதன் நகல் எங்கள் அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. மேலதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. உட்காரச் சொன்னார். நான் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன் என்பதை நினைவுபடுத்தினார். அரசு ஊழியர் அரசாங்கத்துக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரியுமா என்று கேட்டார். எனக்குத் திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, வயிற்றில் மூன்று மாதம். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருந்தார். நான் அதில் நுழைந்துகொண்டேன். படிக்கவில்லை துவான், அக்கா போடச் சொன்னார், போட்டேன் என்றேன். அதை எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாதக் கடைசியில் அக்காவை வடகிழக்குக் கோடியில் இருக்கும் கிளந்தானுக்கு மாற்றினார்கள். கீழே வேலை பார்ப்பவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார் என்று அவருடைய கோப்பில் ஏறியிருந்ததாகத் தலைமைக் குமாஸ்தாதான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நடக்க முடியாத தகப்பனாரை அவ்வளவு தூரம் கூட்டிப்போக வேண்டும். கடைசி நாள் மாலை பஸ் நிறுத்தத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். பயந்துவிட்டேன் அக்கா என்றேன்.

"பயந்தது தப்பில்லம்மா. வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு யாரா இருந்தாலும் பயப்படத்தான் செய்வாங்க" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, "ஆனா படிக்கலன்னு சொல்லிட்டியே. நீதானே டைப் அடிச்ச. ரெண்டு தடவ அடிச்ச" என்றார்.

பஸ் வந்தது. அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன்.

என் வேலை உறுதியானது. கார் வாங்கினோம். பிறகு ரயிலும் அடிக்கடி ஓடத் தொடங்கியது; அதற்கு எங்கள் மனு காரணமாக இருக்க முடியாதென்று தெரியும். முகத்துவாரத்தில் மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. தொண்ணூற்றேழில் புகைமூட்டம் வந்து பகலிலேயே கிள்ளான் மஞ்சளாகக் கிடந்தபோது என் மகனுக்கு மூச்சிரைப்பு. அவனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், யார் யாரிடமோ விசாரித்து அக்காவின் எண்ணை வாங்கினேன். குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது என்றார். பையனுக்கு எப்படி இருக்கிறது, எந்த டாக்டர் பார்க்கிறார் என்று நிதானமாக விசாரித்தார். அங்கேயும் கடற்கரையில் வீடுகளைக் கடல் கொண்டுபோகிறது, ஒரு மனு போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இத்தனை வருடமாக நான் காத்திருந்தது இதற்காகத்தான் போலிருக்கிறது. எனக்கும் அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றேன்.

"வேணாம்மா" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "ஒனக்கு வேல இருக்கு. பையனப் பாரு."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் சரி அக்கா என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அதன் பிறகு நான் அழைக்கவில்லை.

இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன். என்னை எங்கேயும் யாரும் மாற்ற முடியாது. போன வருடம் பெருமழைக்குத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை வந்து இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு நானும் கணவரும் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு வானொலியில் யாரோ ஒரு நிபுணர் பூமி சூடாவதைப் பற்றி, கடலைப் பற்றி, பாக்காவ் மரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கணவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார். "இதெல்லாம் அப்பவே யாராவது சொல்லியிருக்கணும் லா" என்றார்.

நான் அவருக்கு ஒருநாளும் அந்தக் கதையைச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. குனிந்து, சேற்றை வாசல் பக்கமாகத் தள்ளினேன்.