படத்துக்குப் பூசிய பவுடர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் யாருக்காவது சொல்லவேண்டும்.

வலது முழங்கையடியில் வெளிறிய திட்டொன்று வந்தது. தோல் டொக்டர் இருப்பது தூரத்தில். "படம் எடுத்துத் தாங்கோ அம்மா, போனில அனுப்பிக் கேப்பம்" என்று கிளினிக்கில் தாதியாக இருக்கிற மிஸ்ஸி சொன்னா.

கலியாணத்துக்கும் அடையாள அட்டைக்கும் மட்டுமே படம் எடுத்தவள் நான். மருமகள் போனைத் தேடிய நேரத்தில் முகம் கழுவிப் பவுடர் போட்டேன். டொக்டர் பார்க்கிற இடமென்று திட்டிலும் கொஞ்சம் பூசினேன்.

"என்ன மாமி, பொம்பிளை பாக்க வருகினமோ?" மருமகள் சிரித்துக்கொண்டே கையை மட்டும் படம் எடுத்தாள்.

தேமல் என்று பதில் வந்தது. களிம்பைப் பூசிப் பூசி மாதங்கள் போயின. சட்டி சுட்டுக் கை கொப்பளித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. சின்னவிரல் மடங்கிப்போனது. பிறகுதான் அந்த டொக்டரிடம் நேரே போனோம்.

திட்டைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். தொட்டது எனக்குத் தெரியவில்லை. "தொழுநோய் அம்மா. மருந்தில மாறும். விரல் நிமிருமெண்டு சொல்லேலாது. படத்தில மாப்போலக் கிடந்தது, தேமலெண்டு நினைச்சிட்டன்."

மருமகள் அழுதாள். "நான் ஒழுங்கா எடுக்கேல்லைப் போல, மாமி."

பவுடர் என்று சொல்ல வாய் உன்னியது. டொக்டரும் தாதிமாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அழாதை பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது அவள்தான் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுகிறாள். விரலை நீவிவிட்டு, "நோகுதோ மாமி?" என்பாள்.

"இல்லைப் பிள்ளை" என்பேன். அது மெய்தான். மற்றதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.